சில்லையின் தொண்டைக்கு என்ன நிறம்?

யாங்கூன் தெயின்ஜி சந்தையில் எங்கள் கடை ஆறடிக்கு எட்டடி. நூல்கண்டு, பொத்தான், ஊக்கு, ரவிக்கைத் துணி, லைனிங். அப்பா காலத்திலிருந்து இதுதான். பக்கத்திலேயே காளியம்மன் கோவில் என்பதால் வெள்ளிக்கிழமைகளில் தமிழ் அதிகம் கேட்கும், மற்ற நாட்களில் பர்மியம்தான். யார் வந்தாலும் கையில் ஒரு துணித் துணுக்கு இருக்கும். அதற்கு மேட்சிங் நூல் எடுத்துக் கொடுப்பதுதான் என் முப்பது வருட வேலை. துணுக்கை வாங்கி, ரீலிலிருந்து ஒரு முழம் இழுத்து அதன்மேல் வைத்து, எழுந்து வாசலுக்குப் போய்ப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பேன். டியூப்லைட்டுக்கு அடியில் ஒன்றாகத் தெரிகிற இரண்டு நிறம் தெருவில் இரண்டாகிவிடும். அப்பா எனக்கு முதலில் கற்றுக்கொடுத்ததே இந்த நாலு அடி நடைதான்.

போன மழைக்காலத்தில் ஒரு மத்தியானம், குருவிக் கூடையோடு ஒரு பையன் கடை ஓரத்தில் ஒதுங்கினான். இங்கே பகோடா வாசல்களில் புண்ணியத்துக்குப் பறக்கவிடக் குருவி விற்பார்கள். மூங்கில் கூடைக்குள் இருபது சில்லைகளாவது இருக்கும். எல்லாம் புள்ளிச் சில்லை. நனைந்து, ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருந்தன. தம்பி மகன் அப்போது கடையில் இருந்தான். அவனுக்குப் பறவைப் பைத்தியம். பார்த்த பறவையையெல்லாம் நோட்டில் எழுதுவான். "அத்தை, தொண்டையைப் பாருங்க. இது என்ன பழுப்பு? நீங்கதான் நிறத்துக்காரங்க, சொல்லுங்க" என்றான்.

பழுப்பு ரீல்கள் இருக்கிற பெட்டியை எடுத்தேன். எங்களிடம் பதினான்கு பழுப்பு உண்டு. கூடைக் கம்பிக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். முதுகுக்கு ஒரு ரீல் கிட்டத்தட்டப் பொருந்தியது. வயிற்றிலுள்ள வெள்ளைச் செதில்களின் ஓரத்துக்கு இன்னொன்று. தொண்டைக்கு மட்டும் ஒன்றும் சேரவில்லை. காப்பிப்பொடி என்றால் அதைவிடச் சிவப்பு, செங்கல் என்றால் அதைவிடக் கருப்பு. நான் "பழைய கொட்டைப்பாக்கை வெட்டினால் ஓரத்தில் இருக்குமே, அது" என்றேன். அவன் எழுதிக்கொண்டு, "இதைப் படிக்கிறவர் கொட்டைப்பாக்கே பார்த்ததில்லை என்றால்?" என்று கேட்டான்.

மழை விட்டதும் கூடையோடு வாங்கி மேல்மாடியிலிருந்து விட்டோம். காசு கொடுத்து விட்டால் நாளைக்கு இன்னும் இருபது பிடித்துக்கொண்டு வருவான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அத்தனை நேரம் உற்றுப் பார்த்த பிறகு அந்தப் பறவைகளைத் திரும்பக் கொடுக்க மனசு வரவில்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் தம்பி மகன் ராபர்ட் ரிட்ஜ்வே என்ற பெயரைக் கண்டுபிடித்து வந்தான். பறவைகளின் நிறத்தைச் சொல்வதற்கென்றே ஒரு புத்தகம் போட்ட அமெரிக்கர். அதற்கப்புறம் இந்த ஒரு வருடமாக, ராத்திரி கடை மூடிய பிறகு, அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் அவன் படித்துச் சொல்ல நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்கு அவர் யாரோ தூரத்து விஞ்ஞானியாகத் தோன்றவில்லை. எங்கள் தொழில்காரராகவே தோன்றினார்.

அவர் 1850 ஜூலை 2-ஆம் தேதி, இல்லினாய் மாநிலத்தில் வாபாஷ் ஆற்றங்கரையிலுள்ள மவுண்ட் கார்மெல் என்ற சின்ன ஊரில் பிறந்தார். பத்துப் பிள்ளைகளில் மூத்தவர். அப்பா மருந்துக்கடை வைத்திருந்தார். அந்தக் கடையில்தான் பையன் தனக்கு வேண்டிய வண்ணங்களைத் தானே குழைத்துக்கொண்டு பறவைகளை வரைந்தான். மருந்துக்கடையில் வளர்ந்த பிள்ளைக்குக் குன்றிமணி எடை கூடினாலும் குறைந்தாலும் கலவை மாறிவிடும் என்பது தானாகவே தெரிந்திருக்கும். பின்னால் அவர் செய்த வேலையைப் பார்க்கும்போது அந்தத் தராசு அவர் கையைவிட்டுப் போகவே இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

1864-இல், பதினான்கு வயது நிரம்பும் முன்பே, பெயர் தெரியாத ஒரு பறவையை வண்ணத்தில் வரைந்து வாஷிங்டனுக்கு அனுப்பினான். யாருக்கு அனுப்புவது என்றுகூடத் தெரியாது. காப்புரிமை அலுவலக ஆணையருக்கு எழுதினான். நல்லவேளை, அங்கே யாரோ அதை ஸ்மித்சோனியன் நிறுவனத்திலிருந்த ஸ்பென்சர் பேர்டிடம் சேர்த்துவிட்டார்கள். நாட்டின் பறவை ஆராய்ச்சிக்கே தூணாக இருந்த மனிதர் அவர். உட்கார்ந்து ஒரு பையனுக்குப் பதில் எழுதினார். அந்தப் பறவையின் பெயரையும் சொன்னார்: பர்ப்பிள் ஃபின்ச்.

இங்கே நான் தம்பி மகனை நிறுத்தச் சொன்னேன். "பர்ப்பிள் என்றால் கத்திரிப்பூ தானே? படத்தைக் காட்டு" என்றேன். காட்டினான். கத்திரிப்பூவும் இல்லை, வாடாமல்லியும் இல்லை. நாவற்பழச் சாற்றில் வெள்ளைத் துணியை நனைத்து அலசிப் போட்டது மாதிரி ஒரு சிவப்பு. ஊதா என்று பெயர் வைத்த பறவையில் ஊதாவே கிடையாது. அந்தப் பையன் எழுதிய முதல் கடிதத்திலேயே அவன் ஆயுசு முழுக்கச் செய்யப்போகிற வேலை காத்திருந்தது.

மூன்று வருடம் கழித்து, பதினாறு வயதில், பேர்டின் சிபாரிசில் அவனுக்கு ஒரு பெரிய வேலை கிடைத்தது. கிளாரன்ஸ் கிங் என்பவர் தலைமையில் நாட்டின் மேற்குப் பகுதியை, நாற்பதாவது அட்சரேகையை ஒட்டி, அளந்து ஆராயப் போன குழுவுக்கு அவன்தான் பறவைக்காரன். பனாமா வழியாகக் கப்பலில் கலிபோர்னியா போய், அங்கிருந்து நெவாடா, யூட்டா என்று ஏறக்குறைய இரண்டு வருடம். 262 வகைப் பறவைகளைப் பார்த்துக் குறித்தான். சுட்டுத் தோலுரித்துப் பஞ்சடைத்து அனுப்பினான். அந்தக் காலத்தில் பறவை ஆராய்ச்சி என்றால் துப்பாக்கியும்தான். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அந்தத் தோல்கள் இல்லாமல் பிறகு வந்த எதுவும் இல்லை என்பதும் புரிகிறது.

தோலில் ஒரு தொல்லை இருக்கிறது. பறவை செத்ததும் அலகு, கால், கண்ணைச் சுற்றியுள்ள தோல், இதெல்லாம் சீக்கிரமே நிறம் மாறிவிடும். உயிரோடு இருக்கும்போது பார்த்தவன் அந்த நேரத்திலேயே எழுதி வைத்தால்தான் உண்டு. அவன் "மஞ்சள்" என்று எழுதினால்? எந்த மஞ்சள்? கிழங்கு மஞ்சளா, எலுமிச்சையா, மாம்பழமா, சாமந்தியா? நெவாடாவில் ஒருவன் எழுதிய வார்த்தையை வாஷிங்டனில் உட்கார்ந்திருக்கிறவன் படிக்கும்போது அவன் மனக்கண்ணில் அதே நிறம் வரவேண்டும். என் கடைக்கு ஃபோனில் ஆர்டர் வரும்போது எனக்கு இருக்கிற அதே பாடு.

அப்புறம் நடந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1874-இல் பேர்டும் போஸ்டன் மருத்துவர் புரூவரும் இவரும் சேர்ந்து வட அமெரிக்கப் பறவைகளைப் பற்றி மூன்று தொகுதி வெளியிட்டார்கள். 1875-இல் எவி என்று எல்லோரும் அழைத்த ஜூலியா எவலினைக் கல்யாணம் செய்தார். 1880-இல் அமெரிக்க தேசிய அருங்காட்சியகத்தின் பறவைப் பிரிவுக்குக் காப்பாளரானார். சாகும்வரை அந்தப் பொறுப்புதான். மிகுந்த கூச்சக்காரர். கூட்டத்தில் எழுந்து பேசச் சொன்னால் ஒதுங்கிவிடுவார். பறவை அறிஞர்களின் சங்கத்துக்கே தலைவராக இருந்தவர் அப்படி.

சரி, நிறத்துக்கு வருவோம். 1886-இல் இயற்கை ஆராய்ச்சியாளர்களுக்காக முதல் நிறப் புத்தகத்தைப் போட்டார். 186 நிறங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், பக்கத்திலேயே அந்த நிறம் பூசிய கட்டம். அவருக்கே அது போதவில்லை. இருபத்தாறு வருடம் கழித்து, 1912-இல், இரண்டாவது புத்தகம் வந்தது. 53 அட்டைகள், 1,115 நிறங்கள். பெயர்களைக் கேட்டால் ஒரு கடை வைக்கலாம்: ஜே பறவை நீலம், இலவங்கப்பட்டை, மம்மிப் பழுப்பு. கடைசியது எகிப்தின் பதப்படுத்திய பிணங்களை அரைத்து நிஜமாகவே ஒரு காலத்தில் சாயம் செய்ததால் வந்த பெயராம். கேட்ட அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

முதல் புத்தகத்தின் முன்னுரையில் எங்களைப் பற்றியும் எழுதியிருக்கிறார். எங்களை என்றால் துணி வியாபாரிகளை. வியாபாரத்துக்காகப் புதிது புதிதாக நிறப் பெயர் கட்டுகிறார்கள், "யானை மூச்சு", "ரோஜாச் சாம்பல்" என்றெல்லாம் அர்த்தமில்லாமல் வைக்கிறார்கள் என்று கடிந்துகொள்கிறார். முதலில் எனக்குச் சுருக்கென்றது. எங்களிடமும் இருக்கிறதே: மயில்கழுத்து, ராமர் பச்சை, வெங்காயச்சருகு, எம்.எஸ். நீலம். இவற்றில் ஒன்றையாவது அர்த்தமில்லாதது என்று சொல்ல முடியுமா? வெங்காயச்சருகு நிறத்துக்கு மாதிரி எல்லார் அடுப்படியிலும் கிடக்கிறதே என்று வாதாடினேன். மறுநாள் கடைக்கு வந்த இரண்டு பெண்களிடம் அந்த நிறத்தில் ரீல் எடுக்கச் சொன்னேன். ஊரிலிருந்து புதிதாக வந்திருந்த அம்மாள் சின்ன வெங்காயத்தை நினைத்து இளஞ்சிவப்பு ரீலைத் தொட்டார். இங்கேயே பிறந்த பெண் பெரிய வெங்காயத்தை நினைத்துத் தேன் நிறத்து ரீலை எடுத்தாள். அன்றைக்கு ரிட்ஜ்வே சொன்னதை ஒப்புக்கொண்டேன்.

ஆனால் என்னை நிஜமாக உட்காரவைத்த விஷயம் வேறு. அந்த 1912 புத்தகத்துக்கு வண்ணங்களை எப்படித் தயாரித்தார்கள் என்று கேட்டேன். பெரிய தாள்களில் வண்ணம் பூசி, சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, ஒவ்வொரு பிரதியிலும் கையால் ஒட்டியிருக்கிறார்கள். பால்டிமோரில் ஒரு அச்சகத்தில் நடந்த வேலை. ஒரு நிறத்துக்கு ஒரே ஒரு கலவைதான். எல்லாப் பிரதிகளுக்கும் வேண்டிய அளவு மொத்தமாக ஒரே தடவையில் கலந்து அதிலிருந்தே பூசியிருக்கிறார்கள். அப்போதுதான் லண்டனில் இருக்கிற புத்தகத்திலும் வாஷிங்டனில் இருக்கிற புத்தகத்திலும் அதே பச்சை அதே பச்சையாக இருக்கும்.

எங்கள் வார்த்தையில் சொன்னால் ஒரே லாட்.

லாட் என்ன செய்யும் என்பது எனக்குப் பட்டுத் தெரியும். எட்டு வருடத்துக்கு முன் பெகுவிலிருந்து ஒரு கல்யாண வீட்டார் பன்னிரண்டு ரவிக்கைத் துணி கேட்டார்கள். கனகாம்பர நிறம். எட்டு கையில் இருந்தது. மீதி நாலை ஒரு சாயப்பட்டறையில் சொல்லி வாங்கினேன். அதே சாயம், அதே அளவு என்று உறுதி சொன்னார்கள். ராத்திரி எட்டு மணிக்கு வந்தது. பொழுது போய்விட்டதால் வாசலுக்கு எடுத்துப்போய்ப் பார்க்க முடியவில்லை, விளக்கு வெளிச்சத்தில் மடித்துக் கட்டி அனுப்பிவிட்டேன். கல்யாணத்தன்று காலை வெயிலில் பன்னிரண்டு பெண்கள் வரிசையாக நின்றபோது நாலு பேர் தனியாகத் தெரிந்தார்களாம். எட்டு பேர் கனகாம்பரம், நாலு பேர் செம்பருத்தி. பெண்ணின் அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. நாலு ரவிக்கையையும் துவைத்து மடித்துத் திருப்பி அனுப்பினார், ஒரு கனகாம்பரத் துணியின் நூல் முனையை ஊக்கில் குத்தி. அந்த நூல் முனை இன்னும் என் கல்லாப்பெட்டியில் இருக்கிறது.

ஆயிரத்து நூற்றுச் சொச்சம் நிறத்தையும் ஒவ்வொரு லாட்டாகக் கலந்து, காயவைத்து, வெட்டி, ஒட்டி முடிக்கும்வரை எத்தனை பேர் பொறுமையோடு நின்றிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். வேறு வேறு துறைக்காரர்களும் அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டார்கள். காளான் ஆராய்கிறவர்கள், செடி ஆராய்கிறவர்கள், தபால்தலை சேர்க்கிறவர்கள் எல்லோருக்கும் அது அளவுகோலானது. தம்பி மகன் அதன் படங்களை ஃபோனில் காட்டினான். அவனுடைய ஃபோனில் ஒரு நிறம், என்னுடையதில் இன்னொன்று. நிஜப் புத்தகத்தை ஒரு தடவையாவது பகல் வெளிச்சத்தில் பார்க்கவேண்டும் என்று ஆசை.

ரிட்ஜ்வேயின் அட்டைக்குள்ளும் அடங்காத நிறம் உண்டு. போன தை மாதம் பெகு சாலையோர வயல்வெளியில் ஒரு பனங்காடை இறகு கிடைத்தது. இங்குள்ள பனங்காடை நம் ஊரில் இருப்பதைவிடக் கருத்தது, ஆனால் சிறகை விரித்தால் நீலம் அள்ளிக்கொண்டு போகும். இறகைத் துணியின்மேல் வைத்துப் பார்த்தேன். ராமர் நீலத்தில் ஒரு துளி பாலை விட்டமாதிரி. அப்படியே தூக்கிச் சூரியனுக்கு எதிரே பிடித்தேன். நீலம் போய்விட்டது. வெறும் பழுப்பு. இறக்கினேன், திரும்ப வந்தது. அந்த நீலத்துக்குச் சாயமே கிடையாதாம். இறகுக்குள் கண்ணுக்குத் தெரியாத காற்றறைகள் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் நீலமாகத் தெரிகிறது. அடியில் இருக்கிற நிறமி பழுப்புதான். எங்கள் மயில்கழுத்துப் பட்டைப் பார்த்தால் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். இரண்டும் சேர்ந்து ஆடும்போதுதான் மூன்றாவது பிறக்கிறது. அதற்குத் தனியாக ஒரு சாயத் தொட்டி இல்லை. இறகும் கிட்டத்தட்ட அந்த வகைதான் என்று நானாகப் புரிந்துகொண்டேன்.

அவர் பெயர் வைத்த பறவைகளில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மெக்ஸிகோவுக்கு மேற்கே குவாடலூப் என்ற தீவில் மட்டும் இருந்த ஒரு வல்லூறு இனம். 1876-இல் அதை முதன்முதலில் விவரித்தது ரிட்ஜ்வே. அதன் அறிவியல் பெயரில் சேற்று நிறம் என்று அர்த்தப்படும் லத்தீன் சொல்லைச் சேர்த்தார். ஆட்டுக் குட்டிகளைத் தூக்கிவிடும் என்று அங்கிருந்த ஆட்டுக்காரர்கள் அதைச் சுட்டும் விஷம் வைத்தும் ஒழித்தார்கள். 1900-இல் ரோலோ பெக் என்ற சேகரிப்பாளர் அந்தத் தீவில் பதினொன்றைப் பார்த்து ஒன்பதைச் சுட்டார். அவற்றுக்கு அப்புறம் அந்த இனம் அழிந்துபோயிற்று. இப்போது இருப்பது சில தோல்களும், அந்த நிறம் இப்படி இருந்தது என்று எழுதி வைத்த வரிகளும்தான்.

அவருடைய சொந்த வாழ்க்கையில் 1901 என்ற வருடம் என் மனசை விட்டுப் போகவில்லை. வட, மத்திய அமெரிக்கப் பறவைகளைப் பற்றி அவர் எழுதிய பெரும்பணியின் முதல் தொகுதி அந்த வருடம் வந்தது. ஒரே மகன், ஆடுபோன் என்று பறவை ஓவியரின் பெயரையே வைத்து வளர்த்தவன், அவனும் ஒரு அருங்காட்சியகத்தில் பறவை வேலைக்குப் போனவன், அதே வருடம் நிமோனியாவில் இறந்தான். இருபதுகளில்தான் இருந்தான். அதற்குப் பிறகு 1919 வரை அந்தப் பணியில் இன்னும் ஏழு தொகுதி எழுதினார். நடுவில்தான் நிறப் புத்தகமும். எங்கள் அப்பா என் அண்ணனைப் பறிகொடுத்த மறுமாதமே கடையைத் திறந்து, பெட்டிகளையெல்லாம் கொட்டி, ரீல்களை வெளிறிலிருந்து கருப்பு வரைக்கும் புதிதாக அடுக்கினார். ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. நான் அப்போது சின்னப் பெண், ஏன் இப்படிச் செய்கிறார் என்று விளங்கவில்லை.

1913-இல் ரிட்ஜ்வே தம்பதி இல்லினாய்க்கே திரும்பி, ஓல்னி என்ற ஊரில் குடியேறினார்கள். ஊருக்கு வெளியே ஒரு நிலத்தைப் பறவைகளுக்கும் மரங்களுக்குமென்று விட்டு அதற்குப் பறவைப் புகலிடம் என்று பெயர் வைத்தார். எவி 1927-இல் போனார். இவர் 1929 மார்ச் 25-ஆம் தேதி. அந்தப் புகலிடத்திலேயே அடக்கம்.

இப்போது எனக்கும் ஒரு நோட்டு இருக்கிறது. வார்த்தை போதாத இடத்தில் நூலை ஒட்டுகிறேன், கீழே லாட் நம்பரையும் எழுதுகிறேன். எங்கள் வீட்டு மாடிக் கம்பியில் சிட்டுக்குருவிக்கு என்று நெற்கதிர்க் கொத்து தொங்கவிடுவோம், இந்தத் தெருவில் எல்லோரும் செய்வதுதான். வரிசையில் மூன்றாவதாக வருகிற ஆண் குருவியின் பிடரிக்கு ஒரு நூல் ஒட்டியாயிற்று, தலையின் சாம்பலுக்கு இன்னொன்று. சில்லையின் தொண்டைக்கு ஒட்டவேண்டிய இடம் மட்டும் காலியாக இருக்கிறது. போன வாரம் ஒரு பட்டறைக்காரரிடம் அந்த நிறத்தைச் சொல்லப் போய், வாயால் சொல்லாமல் ஒரு கொட்டைப்பாக்கைப் பாதியாக வெட்டிக் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். வெள்ளிக்கிழமை நூல் தருகிறேன் என்றிருக்கிறார். காலையிலேயே வரச் சொல்லியிருக்கிறேன், வாசலில் வெளிச்சம் நன்றாக இருக்கும்.